பணம் ஆயுதமாகும்போது: டாலர் தடை, சுவிஃப்ட், ரூபாய்க் கணக்கு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் படையை அனுப்பியது. நான்கே நாளில் ரஷ்ய மத்திய வங்கியின் வெளிநாட்டு இருப்பில் சுமார் 300 பில்லியன் டாலர் அதன் கைக்கு எட்டாமல் போனது. அதற்காக யாரும் ஒரு பெட்டகத்தையும் உடைக்கவில்லை. சில பேரேடுகளில் ஒரு வரி மாறியது, அவ்வளவுதான். அந்த வரியை யார் மாற்ற முடியும், ஏன் முடிகிறது, அதிலிருந்து தப்பப் பிற நாடுகள் போடும் வழிகள் எங்கே அடைபடுகின்றன என்பதே இந்தப் பக்கத்தின் பொருள்.

ஒரு நாட்டை சுவிஃப்டிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்றால் என்ன அர்த்தம்?

சுவிஃப்ட் பணத்தை வைத்திருப்பதில்லை, கைமாற்றுவதும் இல்லை. வங்கிகளே சேர்ந்து 1973இல் பெல்ஜியத்தில் தொடங்கிய கூட்டுறவு நிறுவனம் அது. 200க்கும் மேற்பட்ட நாடுகளில் 11,000க்கும் அதிகமான நிதி நிறுவனங்கள் அதன் வழியாக ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. 'இந்தக் கணக்கில் இவ்வளவு பற்று வை, அந்தக் கணக்கில் வரவு வை' என்று சொல்லும் செய்திதான் அது.

அந்தச் செய்தியைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் விஷயம் புரியும். 2025 நவம்பர் வரை வாடிக்கையாளர் பணப் பரிமாற்றத்துக்கு எம்.டி.103 என்ற படிவம் புழங்கியது. இப்போது அதன் இடத்தில் பேக்ஸ்.008 வந்திருக்கிறது. வடிவம் மாறினாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய அதேதான். எம்.டி.103இல் 32ஏ என்ற புலத்தில் தேதி, நாணயம், தொகை. 50இல் பணம் அனுப்புபவர். 56இல் இடைப்பட்ட வங்கி. 57இல் பெறுபவரின் வங்கி. 59இல் பெறுபவர். 70இல் எதற்கான பணம் என்ற குறிப்பு. 71ஏவில் கட்டணம் யார் தலையில் என்பது. தடையின் உயிர் 56ஆம் புலத்தில் இருக்கிறது.

கோயம்புத்தூர் பம்ப் தயாரிப்பாளர் ஒருவர் கஜகஸ்தானின் அல்மாட்டிக்கு 48,000 டாலர் சரக்கு அனுப்பியதாக வைத்துக்கொள்வோம். இருவரில் யாரும் அமெரிக்கர் இல்லை. சரக்கும் அமெரிக்காவைத் தொடவில்லை. ஆனால் அல்மாட்டி வங்கிக்கு டாலர் கணக்கு இருப்பது நியூயார்க்கில் உள்ள ஏதோ ஒரு பெரிய வங்கியில். இந்திய வங்கியின் டாலர் கணக்கும் நியூயார்க்கில்தான். அந்த இரண்டு பேரேடுகளுக்கும் இடையே சிப்ஸ் அல்லது ஃபெட்வயர் என்ற தீர்வு முறை (வங்கிகள் தங்களுக்குள் கணக்கு முடிக்கும் ஏற்பாடு) வழியாகத்தான் 48,000 டாலர் நகர்கிறது. அந்தச் சில நொடிகளுக்கு அந்தப் பணம் அமெரிக்கச் சட்டத்தின் எல்லைக்குள் நிற்கிறது.

சுவிஃப்ட் இல்லாவிட்டால் மின்னஞ்சலிலும் டெலெக்ஸிலும்கூடச் செய்தி அனுப்பலாம். மெதுவாக நடக்கும், தவறு நேரும், செலவாகும், ஆனால் நடக்கும். நியூயார்க்கில் கணக்கு இல்லாவிட்டால் டாலரில் எதுவும் நடக்காது. செய்தித்தாள்கள் சுவிஃப்டையே பெரிதாக எழுதுகின்றன. உண்மையான கழுத்துப்பிடி கரஸ்பாண்டென்ட் கணக்கில், அதாவது ஒரு வங்கி வேறு நாட்டு வங்கியில் வைத்திருக்கும் கணக்கில், இருக்கிறது.

அப்படியானால் 2022இல் சுவிஃப்ட் நீக்கம் ஏன் அவ்வளவு பேசப்பட்டது?

கண்ணுக்குத் தெரியும் நடவடிக்கை அது. முதல் சுற்றில் நீக்கப்பட்டவை ஏழு ரஷ்ய வங்கிகள் மட்டுமே, வி.டி.பி. அவற்றில் பெரியது. ஸ்பெர்பேங்க் ஜூனில்தான் நீக்கப்பட்டது. ஐரோப்பா வாங்கிய எரிவாயுவுக்குப் பணம் போன வழியான காஸ்ப்ரோம்பேங்க் அந்தப் பட்டியல்களில் இல்லை. அமெரிக்கா அதன் மீது முழுத் தடை போட்டது 2024 நவம்பரில்தான். தடை போடுபவருக்கும் வலிக்கும் இடத்தில் ஓட்டை விடப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சுவிஃப்ட் பெல்ஜியச் சட்டத்துக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளுக்கும் கட்டுப்பட்டது. ஈரான் வங்கிகளை 2012 மார்ச்சில் அது துண்டித்தது ஐரோப்பிய விதிப்படி. ஆனால் 2018இல் அமெரிக்கா ஈரான் அணு ஒப்பந்தத்திலிருந்து விலகியபோது ஐரோப்பா விலகவில்லை. அப்படியிருந்தும் அந்த நவம்பரில் சுவிஃப்ட் சில ஈரானிய வங்கிகளை நிறுத்திவைத்தது. அலுவலகம் பெல்ஜியத்தில் இருந்தாலும் வாஷிங்டனின் அழுத்தத்தை மீறி அதனால் நிற்க முடியவில்லை.

அமெரிக்கச் சட்டத்துக்கு ஒரு துருக்கி வங்கியோ சீன வங்கியோ ஏன் பணிய வேண்டும்?

சட்டப்படி பணிய வேண்டியதில்லை. ஆனால் பணியாவிட்டால் நியூயார்க் கணக்கை இழக்கும். இதற்கு தடைகளைக் கவனிக்கும் அமெரிக்கக் கருவூலத்தின் ஓஃபாக் என்ற அலுவலகம் இரண்டு வகைப் பட்டியல்களை வைத்திருக்கிறது. எஸ்.டி.என். பட்டியலில் பெயர் வந்தால் அமெரிக்க எல்லைக்குள் உள்ள சொத்து முழுவதும் முடங்கும். காப்டா பட்டியலில் வந்தால் அமெரிக்க வங்கிகளில் கரஸ்பாண்டென்ட் கணக்கு திறக்கவோ தொடரவோ தடையோ கட்டுப்பாடோ வரும். பன்னாட்டு வணிகம் செய்யும் வங்கிக்கு இரண்டாவதே மரண அடி.

இதன் பலம் தெரிந்தது 2014இல். சூடான், ஈரான், கியூபா தொடர்பான டாலர் பரிவர்த்தனைகளுக்காக பி.என்.பி. பரிபா என்ற பிரெஞ்சு வங்கி குற்றத்தை ஒப்புக்கொண்டு சுமார் 8.9 பில்லியன் டாலர் கட்டியது. சில வகை டாலர் தீர்வுப் பணிகளிலிருந்து ஓராண்டு விலக்கியும் வைக்கப்பட்டது. செய்திகளிலிருந்து தடைக்குரிய பெயர்களை நீக்கிவிட்டு அனுப்பியது குற்றச்சாட்டின் மையம். அதன் பிறகு உலகமெங்கும் வங்கிகளின் தணிக்கைப் பிரிவுகள் ஆளும் அதிகாரமும் பெற்று வளர்ந்தன.

ரஷ்யா விஷயத்தில் திருப்புமுனை 2023 டிசம்பர் 22. ரஷ்ய ராணுவத் தொழிலுக்கு உதவும் பரிவர்த்தனையைக் கையாளும் எந்த நாட்டு வங்கி மீதும் தடை விதிக்கலாம் என்ற அமெரிக்க அதிபரின் ஆணை அன்று வந்தது. ஒரு பெரிய சீன வங்கியின் மீதும் அப்போது தடை போடப்படவில்லை. ஆனாலும் 2024இன் முதல் மாதங்களிலேயே சீன, துருக்கி வங்கிகள் ரஷ்யப் பணத்தைத் திருப்பி அனுப்பத் தொடங்கின. ரஷ்யாவுக்கான துருக்கியின் ஏற்றுமதி சரிந்தது.

அமெரிக்காவில் இழப்பதற்கு ஒன்றுமில்லாத வங்கியை ஒதுக்கிவைப்பது சீனாவின் பழைய உத்தி. ஈரான் எண்ணெய்ப் பணம் குன்லுன் வங்கி வழியாகப் போனது. அமெரிக்கா 2012இல் அதைத் தண்டித்தது. அதற்கு நியூயார்க்கில் பெரிய வேலை எதுவும் இல்லாததால் தொடர்ந்து நடந்தது.

50 சதவீத விதி என்பது என்ன?

பட்டியலில் உள்ளவர்கள் சேர்ந்து ஒரு நிறுவனத்தில் 50 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருந்தால், அந்த நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் அதுவும் தடைக்குட்பட்டதே. ஒருவர் 30, இன்னொருவர் 25 என்றால் கூட்டினால் 55, மாட்டிக்கொள்ளும். பெயரைத் தேடிப் பார்த்து 'இல்லை' என்று நிம்மதியடைபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். பார்க்க வேண்டியது பங்குதாரர் பட்டியல், அவர்களுக்குப் பின்னால் இருப்பவர்களின் பட்டியல், அதற்கும் பின்னால்.

குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜியில் ரஷ்ய நிறுவனம் ராஸ்நெஃப்ட்டின் பங்கு 49.13 சதவீதம். எல்லைக்கு ஒரு நூல் கீழே. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூலை 18 அன்று நயாராவைப் பெயர் சொல்லியே பட்டியலில் சேர்த்தது. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் அதன் மின்னஞ்சல் சேவையை நிறுத்தியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றம் போன பிறகு சேவை திரும்பி வந்தது. இந்தியாவில் இந்திய ஊழியர்கள் நடத்தும் ஆலைக்கு, இந்தியச் சட்டம் எதையும் மீறாத நிலையில், ஒரே நாளில் கடிதப் போக்குவரத்து நின்றது. இதை எளிதாகக் கடந்துபோகக் கூடாது.

சட்டம் அனுமதிப்பதையும் வங்கிகள் ஏன் மறுக்கின்றன?

கணக்கு எளிது. ஒரு மருந்துப் பரிவர்த்தனையில் வங்கிக்குக் கிடைக்கும் கட்டணம் சில நூறு டாலர். தவறிப்போனால் அபராதம் கோடிகளில். அதனால் சந்தேகம் என்றாலே மறுப்பு.

2005 செப்டம்பரில் சீனாவின் மக்காவு பகுதியில் உள்ள பாங்கோ டெல்டா ஏசியா என்ற வங்கி வட கொரியாவுக்குக் கள்ளப் பணப் புழக்கத்தில் உதவுவதாக அமெரிக்கக் கருவூலம் அறிவித்தது. வைப்பாளர்கள் வரிசையில் நின்று பணத்தை எடுத்தார்கள். மக்காவு அரசு வங்கியைக் கையில் எடுத்தது. வட கொரியா தொடர்பான சுமார் 25 மில்லியன் டாலர் முடங்கியது. அடுத்து நடந்ததுதான் முக்கியம். 2007இல் அணுப் பேச்சுவார்த்தைக்காக அந்தப் பணத்தை விடுவிக்க அமெரிக்காவே சம்மதித்தும் அதைத் தொட எந்த வங்கியும் முன்வரவில்லை. கடைசியில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியே அதை வாங்கி, ரஷ்ய மத்திய வங்கி வழியாக, ரஷ்யாவின் தூரக்கிழக்கில் ஒரு வங்கிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. தடையைப் போட ஓர் அறிக்கை போதும். எடுப்பதற்கு அரசுகளே இறங்கியும் போராட வேண்டியிருக்கிறது.

ஈரானுக்கு மருந்தும் உணவும் அனுப்பச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. பணம் கைமாற்ற வங்கி கிடைக்காவிட்டால் அந்த விலக்கு நோயாளிக்கு உதவாது. இதற்காகவே பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி 2019 ஜனவரியில் இன்ஸ்டெக்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கின. 2020 மார்ச்சில் மருத்துவப் பொருட்களுக்காக ஒரு பரிவர்த்தனை நடந்தது. 2023இல் அமைப்பை மூடிவிட்டார்கள். மூன்று பெரிய அரசுகள் சேர்ந்தும் தங்கள் சொந்த வங்கிகளின் பயத்தைப் போக்க முடியவில்லை. தடை விதிக்கும் அரசுகள் 'மனிதாபிமான விலக்கு உண்டு' என்று சொல்வதோடு பொறுப்பு தீர்ந்ததாக நினைப்பதை நாங்கள் ஏற்கவில்லை.

ரஷ்யாவின் 300 பில்லியன் டாலர் உண்மையில் எங்கே இருக்கிறது?

பெரும்பகுதி பெல்ஜியத்தில், யூரோகிளியர் என்ற பத்திரக் காப்பகத்தில்: சுமார் 190 பில்லியன் யூரோ. மத்திய வங்கிகள் இருப்பை நோட்டுக்கட்டாக வைப்பதில்லை; அரசுக் கடன் பத்திரங்களாக வைக்கின்றன. அந்தப் பத்திரங்கள் காப்பகத்தின் பேரேட்டில் பதிவுகளாக இருக்கின்றன. தடைக்குப் பின் பத்திரங்கள் ஒவ்வொன்றாக முதிர்ந்து ரொக்கமாயின. ரஷ்யாவுக்குக் கொடுக்க முடியாது என்பதால் ரொக்கம் யூரோகிளியரிடமே குவிந்து வட்டி ஈட்டியது. 2024இல் மட்டும் சுமார் 6.9 பில்லியன் யூரோ.

முடக்கம் வேறு, பறிமுதல் வேறு. முடக்கப்பட்ட சொத்து இன்னும் ரஷ்யாவுடையதுதான். அசைக்க முடியாது, அவ்வளவே. இந்த வேறுபாட்டைக் காப்பாற்றிக்கொண்டே உக்ரைனுக்குப் பணம் எடுக்க வழி தேடினார்கள். ரஷ்யாவுக்குச் சேராதது என்று வாதிடத்தக்க அந்த வட்டி லாபத்தை மட்டும் 2024இல் எடுத்தார்கள். ஜூலையில் முதல் தவணை 1.5 பில்லியன் யூரோ. அந்த வருங்கால லாபத்தைக் காட்டி ஜி7 நாடுகள் 50 பில்லியன் டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டன. அசலையே பயன்படுத்தும் திட்டம் 2025 டிசம்பரில் பெல்ஜியத்தின் எதிர்ப்பில் நின்றது. நாளை வழக்கு வந்தால் பொறுப்பு தன் தலையில் விழும் என்பது பெல்ஜியத்தின் அச்சம். ஒன்றியம் தானே 90 பில்லியன் யூரோ கடன் திரட்டித் தர முடிவுசெய்தது. முடக்கத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா நாடுகளும் ஒருமனதாகப் புதுப்பிக்கும் ஏற்பாடும் அதே மாதம் மாற்றப்பட்டு, காலவரையின்றி நீட்டிக்கப்பட்டது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ரஷ்யா இதற்குத் தயாராகாமல் இல்லை. 2018இல் மார்ச்சிலிருந்து மே மாதத்துக்குள் அமெரிக்கக் கருவூலப் பத்திரங்களைச் சுமார் 96 பில்லியன் டாலரிலிருந்து 15 பில்லியனுக்குக் குறைத்தது. 2022 தொடக்கத்தில் இருப்பில் டாலரின் பங்கு சுமார் 11 சதவீதம். யூரோ 34 சதவீதத்துக்கு அருகில். டாலரை விட்டு ஓடியவர்கள் யூரோவில் மாட்டினார்கள். நாணயத்தை மாற்றினால் போதாது, பேரேடு யார் நாட்டில் இருக்கிறது என்பதையும் மாற்ற வேண்டும் என்பதை மாஸ்கோ மிகுந்த விலை கொடுத்துக் கற்றது.

ரஷ்யாவின் தங்கம் மட்டும் தப்பியது ஏன்?

சொந்த நாட்டுப் பெட்டகத்தில் இருந்ததால். லண்டன் பாங்க் ஆஃப் இங்கிலாந்தில் தங்கம் வைத்திருந்த வெனிசுவேலாவால் அதை எடுக்க முடியவில்லை. நியூயார்க்கில் 7 பில்லியன் டாலர் வைத்திருந்த ஆப்கானிஸ்தான் மத்திய வங்கியின் கதியும் அதுவே. ஆனால் பெட்டகத்தில் இருந்தாலும் விற்பது வேறு விஷயம்: 2022 மார்ச்சில் லண்டன் தங்கச் சந்தை அமைப்பு ஆறு ரஷ்யச் சுத்திகரிப்பு நிறுவனங்களை நிறுத்திவைத்தது.

2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் உலக மத்திய வங்கிகள் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. இந்திய ரிசர்வ் வங்கி 2023-24 நிதியாண்டில் 100 டன்னை பிரிட்டனிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தது.

ரூபாயிலேயே ரஷ்யாவுடன் வணிகம் செய்தால் என்ன?

வழி உண்டு. 2022 ஜூலை 11 அன்று ரிசர்வ் வங்கி சிறப்பு ரூபாய் வோஸ்ட்ரோ கணக்குக்கு அனுமதி தந்தது. ரஷ்ய வங்கி ஒன்று இந்திய வங்கியில் ரூபாய்க் கணக்கு திறக்கிறது. இந்திய இறக்குமதியாளர் அதில் ரூபாய் கட்டுகிறார். அதே கணக்கிலிருந்து இந்திய ஏற்றுமதியாளருக்கு ரூபாய் போகிறது. டாலர் இல்லை, நியூயார்க் இல்லை. 2025 ஆகஸ்டில் விதி இன்னும் தளர்ந்தது: கணக்கு திறக்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டியதில்லை, மிச்சம் நிற்கும் ரூபாய் முழுவதையும் இந்திய அரசுப் பத்திரங்களில் போடலாம்.

சிக்கல் தொழில்நுட்பத்தில் இல்லை. 2024-25 நிதியாண்டில் ரஷ்யாவிலிருந்து இந்தியா வாங்கியது சுமார் 63.8 பில்லியன் டாலர், விற்றது சுமார் 4.9 பில்லியன். எல்லாமே ரூபாயில் நடந்திருந்தால் அந்த ஓர் ஆண்டில் மட்டும் ரஷ்யா கையில் கிட்டத்தட்ட 59 பில்லியன் டாலர் மதிப்புள்ள ரூபாய் மிஞ்சியிருக்கும். அதை வைத்து என்ன வாங்குவது? தேயிலை, மருந்து, இயந்திரப் பாகம் என்று எவ்வளவு வாங்கினாலும் தீராது. ரூபாயை வேறு நாணயமாக மாற்றத் தாராளமான வெளிச்சந்தையும் இல்லை. 2023 மே மாதம் கோவாவில் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் இதை வெளிப்படையாகவே சொன்னார்: இந்திய வங்கிகளில் பில்லியன் கணக்கில் ரூபாய் சேர்ந்திருக்கிறது, அதைப் பயன்படுத்த வேண்டுமானால் வேறு நாணயமாக மாற்றியாக வேண்டும்.

எதிர்த்திசையிலும் இது உடையும். 2012இல் ஈரான் எண்ணெய்க்கான தொகையில் 45 சதவீதத்தை யூகோ வங்கியில் ரூபாயாகக் கட்டும் ஏற்பாடு வந்தது. அந்த ரூபாயில் ஈரான் பாசுமதி அரிசியும் தேயிலையும் வாங்கியது. 2019 மே மாதம் அமெரிக்க விலக்கு முடிந்து இந்தியா ஈரான் எண்ணெயை நிறுத்தியது. கணக்கில் புது ரூபாய் வரவில்லை, இருந்தது கரைந்தது, அரிசி, தேயிலை ஏற்றுமதியாளர்களின் பணம் தாமதமானது. கணக்கின் ஒரு பக்கம் காய்ந்தால் மறுபக்கமும் காயும். இத்தகைய கணக்கை நம்பிச் சரக்கு அனுப்புபவர்கள் அதில் இன்று எவ்வளவு நிற்கிறது என்பதோடு, அதை நிரப்பும் இறக்குமதி தொடருமா என்பதையும் பார்க்க வேண்டும்.

பிறகு இந்தியச் சுத்திகரிப்பு நிறுவனங்கள் எதில் பணம் கட்டின?

டாலர், திர்ஹாம். அமீரக திர்ஹாம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருப்பதால் விலை அபாயம் இல்லை. ஆனால் தீர்வு துபாய், அபுதாபி பேரேடுகளில் நடக்கிறது, நியூயார்க்கில் அல்ல.

சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் யுவான் எப்படி ஒத்துவருகிறது?

வணிகம் ஏறக்குறைய சமமாக இருப்பதால். 2024இல் சீனா ரஷ்யாவுக்கு விற்றது சுமார் 115 பில்லியன் டாலர், வாங்கியது சுமார் 129 பில்லியன். எண்ணெய் விற்றுக் கிடைத்த யுவானில் ரஷ்யா கார், இயந்திரம், மின்னணுப் பொருள் எல்லாம் வாங்கிவிடுகிறது. மிஞ்சுவது கொஞ்சம்.

சீனாவின் சிப்ஸ் முறை (நியூயார்க்கின் சிப்ஸ் வேறு, இது 2015 அக்டோபரில் ஷாங்காயில் தொடங்கியது) யுவானைத் தீர்வு செய்கிறது. 2024இல் அதன் வழியாகச் சுமார் 175 டிரில்லியன் யுவான் போனது. வளர்ச்சி மெய்யானது. ஆனால் அதில் மறைமுகமாகச் சேர்ந்துள்ள பல வங்கிகள் செய்தி அனுப்ப இன்னும் சுவிஃப்டையே நம்பியிருக்கின்றன. பெரிய சீன வங்கிகளுக்கு ரஷ்யாவைவிட அமெரிக்க, ஐரோப்பிய வணிகமே பெரிது. அதனால் குழாய் இருந்தும் அவை வாயை மூடிக்கொள்கின்றன. 2024இல் ரஷ்ய இறக்குமதியாளர்கள் எல்லைப்புறச் சிறு வங்கிகளையும் தரகர்களையும் தேடிப் போனது இதனால்தான்.

விலை உச்சவரம்பு எப்படி வேலை செய்ய வேண்டியது, எங்கே கசிந்தது?

2022 டிசம்பர் 5 முதல் ரஷ்யக் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 60 டாலருக்கு மேற்படாமல் விற்றால் மட்டுமே மேற்கத்தியக் கப்பல், காப்பீடு, நிதி கிடைக்கும் என்று ஜி7 நாடுகள் விதித்தன. பன்னாட்டுக் குழுமத்தைச் சேர்ந்த காப்பீட்டு சங்கங்கள் உலகக் கடல்வழிக் கப்பல் கொள்ளளவில் சுமார் 90 சதவீதத்துக்குப் பொறுப்புக் காப்பீடு தருகின்றன. நம்பிக்கை அதன் மீது. ஒவ்வொரு நிலையிலும் விலைச் சான்று வாங்க வேண்டும். ஆனால் காப்பீட்டாளர் கையில் இருப்பது வெறும் காகிதம். உண்மை விலையை அவரால் பார்க்க முடியாது. கப்பல் கட்டணத்தை ஏற்றிக் காட்டி எண்ணெய் விலையைத் தாழ்த்தி எழுதலாம். அதைவிடப் பெரிய ஓட்டை, ரஷ்யா பழைய டேங்கர்களை வாங்கித் தனிப் படை கட்டியது. பல கப்பல்களின் காப்பீடு சந்தேகத்துக்குரியது. விபத்து நடந்தால் கரையோர மீனவர்களுக்கு இழப்பீடு தருவது யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

ஐரோப்பா 2025 செப்டம்பர் 3 முதல் வரம்பை 47.6 டாலராகக் குறைத்தது. அமெரிக்கா வேறு வழி பிடித்தது: அக்டோபர் 22 அன்று ராஸ்நெஃப்ட், லூக்காய்ல் இரண்டையும் நேரடியாகப் பட்டியலில் சேர்த்தது.

விதியை மீறாமல் எண்ணெய் வாங்கிய இந்தியா மீது 2025இல் அமெரிக்கா கூடுதல் வரி போட்டது ஏன்?

வரம்புக்குள் வாங்குவதை அனுமதிக்கும் விதியை வகுத்தவர்களில் அமெரிக்காவும் ஒன்று. சந்தையில் எண்ணெய் குறையாமல் இருக்க வேண்டும் என்பதும் அந்த விதியின் நோக்கமாக இருந்தது. 2025இல் நோக்கம் மாறியது: மாஸ்கோவைப் பேச்சுக்கு இழுக்க அதன் வாடிக்கையாளரை அழுத்துவது. ஏற்கெனவே இருந்த 25 சதவீதத்தின் மேல் ரஷ்ய எண்ணெய்க்காக இன்னொரு 25 சேர்ந்து, ஆகஸ்ட் 27 அன்று 50 ஆனது. எண்ணெய் வாங்கியது சுத்திகரிப்பு நிறுவனங்கள். அடி விழுந்தது திருப்பூர் பின்னலாடைக்கும் ஆந்திர இறாலுக்கும். வங்கித் தடையில் குறி வைத்து அடிக்க முடியும். வரியில் அது முடியாது. எண்ணெய்க்கும் பனியனுக்கும் தொடர்பு இல்லை என்பது வரி போடுபவருக்கும் தெரியும்.

பண்டமாற்று ஒரு வழியா?

சிறு தொகைக்கு, பொறுமை இருந்தால். 2012இல் ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்காக இலங்கை 251 மில்லியன் டாலர் கடன்பட்டிருந்தது. தடையால் கட்ட வழியில்லை. 2021 டிசம்பரில் மாதம் 5 மில்லியன் டாலர் மதிப்புள்ள தேயிலை அனுப்பிக் கழிப்பது என்று ஒப்பந்தமானது. கணக்குப் போட்டால் தடையின்றி அனுப்பினாலே நான்கு ஆண்டுக்கு மேல். 2022இல் இலங்கையே கடன் கட்ட முடியாமல் நின்றதால் ஏற்றுமதி 2023இல்தான் தொடங்கியது. இதில் இலங்கைத் தேயிலை வணிகர்களுக்கு உள்நாட்டு ரூபாய்தான் கிடைக்கும். அந்த அளவுக்கு நாட்டுக்கு டாலர் வரவு வராது.

பிரிக்ஸ் நாணயம் வந்து டாலரை வீழ்த்துமா?

கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. பிரிக்ஸ் நாடுகளுக்குள் வணிகச் சமநிலை இல்லை. யாருடைய பத்திரத்தில் மிச்சத்தைப் போடுவது என்பதில் ஒப்புதலும் இல்லை. டாலரைக் குறைப்பது தன் கொள்கையல்ல என்று இந்தியா 2024 டிசம்பரில் வெளிப்படையாகவே சொன்னது. அதற்குச் சில நாள் முன்பு, மாற்று நாணயம் கொண்டுவந்தால் 100 சதவீத வரி என்று டிரம்ப் மிரட்டியிருந்தார். சீனா, ஹாங்காங், தாய்லாந்து, அமீரகம், சவூதி சேர்ந்த, மத்திய வங்கிகளின் டிஜிட்டல் நாணயத்தில் எல்லை தாண்டிப் பணம் கட்டும் எம்பிரிட்ஜ் திட்டத்திலிருந்து பன்னாட்டுத் தீர்வு வங்கி 2024 அக்டோபரில் விலகியது.

மத்திய வங்கிகளின் நாணய இருப்பில் டாலர் இன்னும் பாதிக்கு மேல். யுவான் 2 சதவீதம் அளவில். 2025 கணக்கெடுப்பில் அன்னியச் செலாவணிப் பரிவர்த்தனைகளில் 89 சதவீதத்தில் ஒரு பக்கம் டாலர். மாறுவது ஓரங்களில்: தங்கம், யுவான், திர்ஹாம், உள்நாட்டு அட்டைகள். 2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் வெளியேறியபோது ரஷ்யர்களின் அட்டைகள் உள்நாட்டில் வேலை செய்தன; கிரிமியாவை இணைத்ததற்கு வந்த தடைகளுக்குப் பின் 2014இல் கட்டிய தேசியத் தீர்வு அமைப்பு அதற்குக் காரணம். தன் நாட்டுக்குள் தற்காத்துக்கொள்வது சில ஆண்டு வேலை. எல்லை தாண்டி நம்பத்தக்க நாணயமாக ஆவதற்கு ஆழமான பத்திரச் சந்தையும், பணம் போய்வரச் சுதந்திரமும், வழக்காடினால் தீர்ப்பு கிடைக்கும் நீதிமன்றமும் வேண்டும். சீனா இதில் இரண்டாவதைத் தர இன்றுவரை தயாராக இல்லை.

ஏற்றுமதியாளருக்கு வர வேண்டிய டாலர் நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது?

முதலில் வாங்குபவரிடம் அனுப்பிய செய்தியின் நகலும், ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனியாகத் தரப்படும் யு.இ.டி.ஆர். எண்ணும் கேளுங்கள். 36 எழுத்து நீளமுள்ள அந்த எண்ணை வைத்து எந்த வங்கியில் நிற்கிறது என்று உங்கள் வங்கியால் பார்க்க முடியும். 'நியூயார்க்கில் இருக்கிறது' என்ற பொதுப் பதிலை ஏற்காதீர்கள்.

அடுத்து, வினா நிலுவையா, நிராகரிப்பா, முடக்கமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூன்றுக்கும் மூன்று வழி. வினா நிலுவை என்றால் பெயரோ முகவரியோ கப்பலோ ஒத்துப்போயிருக்கலாம். இன்வாய்ஸ், சரக்கு ரசீது, வாங்குபவரின் உரிமையாளர் விவரம், இறுதிப் பயன்பாட்டுக் கடிதம், கப்பலின் 7 இலக்க ஐ.எம்.ஓ. எண் ஆகியவற்றை அன்றே அனுப்புங்கள். தாமதமானால் பணம் திரும்பிவிடும். நிராகரிப்பு என்றால் கட்டணம் போக மீதி அனுப்பியவருக்கே போயிருக்கும். வேறு வங்கி, வேறு நாணயம் பேசலாம். முடக்கம் என்றால் பணம் வட்டி தரும் தனிக் கணக்கில் கிடக்கும். அந்த அமெரிக்க வங்கி 10 வேலை நாளுக்குள் ஓஃபாக்குக்கு அறிவிக்கும். உரிமம் வாங்காமல் அசையாது. மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். ஏற்றுமதிப் பணம் வந்ததா என்று ரிசர்வ் வங்கி கண்காணிக்கும் ஈ.டி.பி.எம்.எஸ். பதிவு திறந்தே கிடக்கும் என்பதால் உங்கள் வங்கிக்கு உடனே எழுதி, காலநீட்டிப்புக்கு விண்ணப்பியுங்கள்.

மத்திய ஆசிய, துருக்கி, அமீரக வாங்குபவர் என்றால் சரக்கு கிளம்பும் முன்பே எச்.எஸ். குறியீட்டை (சுங்கத்துறை பொருளை வகைப்படுத்தும் எண்) பாருங்கள். ரஷ்யாவுக்குப் போகக் கூடாது என்று மேற்கு நாடுகள் பொதுவாக வகுத்த முன்னுரிமைப் பட்டியலில் 50 குறியீடுகள் இருக்கின்றன: சிப், பேரிங், சில இயந்திரங்கள். உங்கள் பொருள் அதில் இருந்தால் வங்கியின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிய பிறகே அனுப்புங்கள். எல்.சி. (பணம் தர வங்கியே உறுதி கொடுக்கும் கடிதம்) இல்லாத ஆர்டரில் சரக்கு ரசீதின் அசலை வாங்குபவருக்கு நேரே அனுப்பாமல், பணம் வந்த பிறகு கொடுக்கும்படி வங்கி வழியாக அனுப்புங்கள். பணம் நின்றாலும் சரக்காவது கையில் இருக்கும்.

ஒன்றை மட்டும் எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள். நிராகரிக்கப்பட்ட பணத்தைப் பெயரை மாற்றியோ, 70ஆம் புலத்தின் குறிப்பை நீக்கியோ, தொகையைத் துண்டாக்கியோ மறுபடி அனுப்பச் சொல்லாதீர்கள். முதல் முறை அது ஒரு சந்தேகம் மட்டுமே. இரண்டாம் முறை மறைத்த குற்றம். வங்கியின் மென்பொருள் நிராகரித்த தொகையையும் பெயரையும் நினைவில் வைத்திருக்கும். உங்கள் கணக்கை மூட அது ஒன்றே போதும். தடை மீறலுக்கு நடவடிக்கை எடுக்கும் காலவரம்பை அமெரிக்கா 2024 ஏப்ரலில் 5 ஆண்டிலிருந்து 10 ஆக உயர்த்தியிருப்பதால், கடிதங்களையும் ஆவணங்களையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.